செம்புப் பானையும் பெரணிச் செடியும்

"ரீச்சர், கலாமிட்டி!"

கதவைத் திறந்தால் பர்வீன் காலில் செருப்பில்லாமல் நிற்கிறாள். கத்தரிக்காய் வெட்டிய கத்தி இன்னும் கையில் இருக்கிறது. கலாமிட்டி என்றால் பேரிடர். முந்தின நாள்தான் அந்தச் சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். படித்த சொல்லைச் சுடச்சுடப் பாவித்துப் பார்ப்பது அவள் வழக்கம். ஆகவே நான் பதறவில்லை. உச்சரிப்பு நன்றாயிருக்கிறது என்று பாராட்டினேன்.

"இது பயிற்சி அல்ல, ரீச்சர். உண்மையான கலாமிட்டி. என் பானையை டோரீன் கொண்டுபோய்விட்டார்."

"திருடிவிட்டாரா?"

"இல்லை. நான்தான் கொடுத்தேன்."

"ஏன் கொடுத்தாய்?"

"அழகான பானை என்று அவர் சொன்னாரே!"

வேறு என்ன செய்ய முடியும் என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு அங்கேயே படிக்கட்டில் குந்தி அழத் தொடங்கினாள். கத்தியை மெல்ல வாங்கி வைத்துவிட்டு நானும் பக்கத்தில் குந்தினேன்.

எனக்கு வாய்த்த மாணவி

வெள்ளையருக்கு மட்டும் என்று பூட்டிக் கிடந்த ஆஸ்திரேலியக் கதவு திறந்த கையோடு உள்ளே வந்தவர்கள் நாங்கள். என் கணவர் மின்சாரப் பகுதியில் பொறியியலாளர். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள். மெல்பேர்னில் என் படிப்புச் சான்றிதழை யாரோ பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள். அதுவரை நான் வீட்டில் இருந்து, படிப்பிக்க ஆள் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்தேன்.

பிரன்ஸ்விக்கில் எங்களுடையது மேல்மாடி வீடு. கீழ்வீட்டுக்குப் பர்வீன் வந்து சேர்ந்தாள். ஈரானில் ஷிராஸ் பக்கம். கணவன் பஹ்ராம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனால் நான் ஆங்கில ஆசிரியை என்று தெரிந்த நாளிலிருந்து என்னை ரீச்சர் என்றே கூப்பிட்டாள். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலம். அதை இங்கே தமிழில் தருகிறேன். அவளுடைய ஆங்கிலத்தில் சின்னச் சொல்லே கிடையாது. "நலமா?" என்று கேட்டால் "தங்கள் கருணையால்" என்பாள். கடிதத்தில் கையெழுத்துக்கு மேலே எழுதுகிற வரிகளையெல்லாம் அவள் வாயால் சொன்னாள்.

சொல் படிக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. புதிதாகப் படித்த சொல்லை அன்று பொழுதுபடுமுன் முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல் கெட்டுப்போகும் என்று நம்பினாள். 'மக்னிஃபிசென்ட்' படித்த அன்று இறைச்சிக் கடைக்காரரின் ஆட்டுத் தொடையை அப்படிப் புகழ்ந்தாள். அந்த மனிதர் முகம் சிவந்து, எலும்பு கொஞ்சம் சும்மா கட்டிக் கொடுத்தார். 'பங்க்சுவாலிட்டி' படித்த அன்று ட்ராம் பிந்தி வந்தது. அதற்காக அவள் விடவில்லை. தங்கள் நேரந்தவறாமையை மெச்சுகிறேன் என்று நடத்துநரிடம் சொன்னாள். அவர் அன்று முழுக்கத் தன்னை யாரோ நக்கல் பண்ணிவிட்டதாக நினைத்திருப்பார்.

பக்கத்துக் காணியில் தனி வீட்டில் இருந்தவர் டோரீன். கணவனை இழந்தவர், அறுபது தாண்டியவர். என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. முதல் நாளே அதைக் கேட்டு, "அவ்வளவும் வேண்டாம், லவ்" என்று 'மார்ஜ்' ஆக்கிவிட்டார். கண்ணே என்பது போல எல்லோரையும் 'லவ்' என்பது அவர் வழக்கம். அவர் வீட்டு விறாந்தை பர்வீனின் குசினி ஜன்னலுக்கு நேரே தெரியும். இந்தக் கதைக்கு அந்த ஜன்னல் முக்கியம்.

புகழ்ச்சிக்கு மூன்று மருந்து

பானைக்குப் போகுமுன் ஒரு சால்வைக் கதை சொல்ல வேண்டும்.

பழகிய புதிதில் பர்வீன் போட்டிருந்த சால்வையைப் பார்த்து வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே கழற்றி என் தோளில் போட்டாள். "இது தங்களுக்கு உரித்தானது" என்றாள். ஐயோ வேண்டாம் என்றேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். என்னிடம் நிறைய இருக்கிறது என்று பொய் சொன்னேன். சால்வை அங்கும் இங்குமாகப் போய்வந்து கடைசியில் அவள் தோளிலேயே உட்கார்ந்தது. இருவருக்கும் பரம திருப்தி.

அவர்கள் ஊரில் இதற்குத் தாரோஃப் என்று பெயர். உன் பொருளை ஒருவர் புகழ்ந்தால் அதை அவருக்கே கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் மறுக்க வேண்டும். நீ வற்புறுத்த வேண்டும். அவர் இன்னும் பலமாக மறுக்க வேண்டும். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், மரியாதை மட்டும் கைமாறும். யாழ்ப்பாணத்தாருக்கு இதில் பாதி பிறவியிலேயே வரும். பசியில் குடல் கருகினாலும் போன வீட்டில் "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்று சொல்லி வளர்ந்த சனம் நாங்கள். அவளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், எனக்கு மறுத்தே ஆக வேண்டும். பொருத்தம் அமோகமாக இருந்தது.

ஆனால் புகழ்ந்தால் கொடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. புகழ்ந்தால் நாங்கள் பயப்படுவோம். ஒருநாள் பர்வீன் என் தலைமயிரைப் பார்த்து வியந்துவிட்டாள். அந்தக் கிழமையே சீப்பில் கொத்தாக வந்தது. நாவூறுதான், வேறென்ன? செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். கட்டடம் முழுக்க இருமியது. டோரீன் வாளியில் தண்ணீரோடு மேலே ஓடிவந்தார். என்ன எரிகிறது என்று கேட்டார். என் கூந்தலைப் பர்வீன் பாராட்டினாள், அதனால் மிளகாய் எரிக்கிறேன் என்று விளக்கினேன். டோரீன் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்.

டோரீனைப் புகழ்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். "தாங்க்ஸ், லவ்" என்பார். அவ்வளவுதான்.

பானை போன விதம்

அது செம்புப் பானை. உள்ளே ஈயம் பூசியது, நல்ல பாரம். பர்வீன் அதில்தான் சோறாக்குவாள். வேண்டுமென்றே அடிப்பிடிக்க வைத்து, அந்தப் பொன்னிற அடிச்சோற்றை விருந்தாளிக்குத்தான் முதலில் கொடுப்பாள். முதல் தடவை என் தட்டில் அதை வைத்தபோது, பானை சுரண்டியதைத் தந்துவிட்டாளே என்று இரண்டு நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ருசி பிடித்துவிட்டது.

அன்று டோரீன் தட்டொன்றைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். அடுப்பில் பானையைக் கண்டு, "எவ்வளவு அழகான பழைய பானை!" என்றிருக்கிறார்.

"தங்களுக்கு உரித்தானது. எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள் பர்வீன்.

"என்ன, நிசமாகவா?"

இதை மறுப்பு என்று எடுத்துக்கொண்ட பர்வீன், முறைப்படி வற்புறுத்தினாள்.

"இல்லை லவ், நீ சமைக்கிற பானையல்லவா?"

இதுவும் மறுப்பு. பர்வீன் இன்னும் உருக்கமாக வற்புறுத்தினாள். தங்கள் வீட்டில் இருப்பதே இந்தப் பானைக்குப் பெருமை என்றாள்.

"அப்படியென்றால் சரி, நீ ஒரு தங்கம்" என்று டோரீன் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் பர்வீன் குசினி ஜன்னலைத் திறந்தாள். எதிரே விறாந்தையில் அவளுடைய பானை. அதற்குள் மண். மண்ணில் ஒரு பெரணிச் செடி.

அந்தக் காலத்து மெல்பேர்னில் பெரணி வளர்க்காத வீடு குறைவு. அதற்காகச் சோற்றுப் பானையிலா? நானே ஒரு நிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

மாமியார் வருகிறார்

பானை மட்டும் என்றால் பர்வீன் அழுதுவிட்டுத் தேறியிருப்பாள். அது மாமியார் கொடுத்த பானை. பஹ்ராம் தானே பார்த்துக் காதலித்துக் கட்டிய பெண் இவள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணத்தில் ஒரு சொல் பேசாமல் இருந்த அந்த அம்மா, இவர்கள் மெல்பேர்னுக்குப் புறப்பட்ட அன்று, தன் சொந்தக் குசினியிலிருந்து இந்தப் பானையை எடுத்துவந்து பர்வீனின் கையில் வைத்தாராம். அப்போதும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நீ என் மருமகள் என்று அவர் ஒப்புக்கொண்டதற்கு வேறு சாட்சி இல்லை.

அந்த மாமியார் அவர்களுடைய புதுவருடத்துக்கு வருகிறார். மார்ச் மாதம் அங்கே வசந்தம், இங்கே இலை உதிர்கிற காலம். வந்ததும் முதல் வேலையாகத் தன் பானையைத்தான் தேடுவார். அதில் மண்ணும் செடியும் இருந்தால், அதுவும் அடுத்த வீட்டில் இருந்தால், பர்வீன் என்ன சொல்வாள்?

"இஞ்சாருங்கோ, என்ன செய்யலாம்?" என்று இரவுச் சாப்பாட்டில் என் கணவரிடம் கேட்டேன்.

"அவவிட்டப் போய் பானையைத் தாங்கோ எண்டு கேளுமன். கேட்டாத் தருவா தானே."

"உங்களுக்கு விசரே? குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? நல்ல கதை!"

"அப்ப உமக்கும் அந்தப் பிள்ளைக்கும் பொருத்தம்தான்" என்று சொல்லிவிட்டுக் குழம்பை விட்டுப் பிசைந்தார். பொறியியலாளர்களுக்கு எல்லாமே நேர்கோடு.

சொற்படை புறப்பட்டது

திட்டம் பர்வீனுடையது. ஆனால் கேட்டவுடனே எனக்கும் அது மிகச் சிறந்த திட்டமாகத் தெரிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"அவர் பாராட்டினார், நான் கொடுத்தேன். இப்போது நாம் பாராட்டினால் அவர் கொடுப்பார். கொடுத்தே ஆக வேண்டும்" என்றாள்.

அதற்குச் சொற்கள் வேண்டும். அன்றிலிருந்து பாடம் முழுக்கப் புகழ்ச்சிதான். 'பியூட்டிஃபுல்'லில் தொடங்கி, 'எக்ஸ்குவிசிட்', 'சூப்பர்ப்' என்று ஏறி, 'இன்கம்பேரபிள்' வரைக்கும் போனோம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக்கூட நான் இவ்வளவு ஊன்றிப் படிப்பித்ததில்லை.

முதல் நாள் தேநீருக்குப் போனோம். பர்வீன் பானையைப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றாள்.

"ஆமாம், இல்லையா?" என்றார் டோரீன்.

நாங்கள் காத்திருந்தோம். டோரீன் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த கிழமை, பேரழகு என்ற பொருளில், 'எக்ஸ்குவிசிட்' என்றாள். டோரீனுக்கு முகம் மலர்ந்தது. அன்றே பானையின் வெளிப்புறத்தைப் பளபளவென்று மினுக்கிவிட்டார். அதற்கடுத்த கிழமை, இந்தப் பானைக்கு உலகத்தில் நிகரே இல்லை என்று பர்வீன் கைகளை நெஞ்சில் வைத்துச் சொன்னாள். நானும் என் பங்குக்கு, இப்படியான பானையை இலங்கை முழுக்கத் தேடினாலும் காணமுடியாது என்றேன். அது உண்மையும்கூட.

டோரீன் நெகிழ்ந்துபோனார். மறுநாள் ஜன்னலைத் திறந்தபோது விறாந்தையில் பானை இல்லை. பர்வீன் ஒரு கணம் சந்தோஷப்பட்டாளாம். ஓடிப்போய்ப் பார்த்தால், வெளியே வைக்கிற பொருளா இது என்று டோரீன் அதைச் செடியோடு தூக்கி, முன்னறைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே நடுநாயகமாக வைத்துவிட்டார். புகழப் புகழப் பானை எங்களை விட்டுத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு நான் தூது போனேன். நேராகக் கேட்டுவிடுவது என்று படியிறங்கும்போது உறுதியாகத்தான் இருந்தேன். டோரீன் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ஸ்கோன் என்ற குட்டிப் பன் தட்டோடு வந்தார். வெண்ணெய் மணம் மூக்கைத் துளைத்தது. அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

"சாப்பிடு, மார்ஜ்."

"வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்."

"சரி" என்று தட்டைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

இரண்டாம் முறை கேட்கவேயில்லை! அந்த அதிர்ச்சியில் வந்த காரியத்தையே நான் மறந்துபோனேன். ஸ்கோனும் இல்லாமல் பானையும் இல்லாமல் திரும்பி வந்து, பழஞ்சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.

தொலைக்காட்சிக்கு முன்னால்

மாமியார் விமானம் ஏற நாள் நெருங்கிவிட்டது. பர்வீன் சரியாகச் சாப்பிடவில்லை. பஹ்ராம் பானை எங்கே என்று கேட்காமல் இருந்ததே, அவன் அடுப்பங்கரைப் பக்கம் போகாத புண்ணியவான் என்பதால்தான். இனி வேறு வழியில்லை என்று என் கணவரின் நேர்கோட்டையே பிடித்தோம். 'ஐ வான்ட் இட் பேக்', எனக்கு அதைத் திருப்பித் தாருங்கள். அவ்வளவுதான் பாடம்.

அர்த்தம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. வாயில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் நாலு மன்னிப்பும் பின்னால் இரண்டு ஆசீர்வாதமும் சேர்த்தாள். வழக்கம்போல அந்நியரிடம் பயிற்சி செய்யட்டும் என்று ட்ராமில் ஏற்றினேன். நடத்துநர் சில்லறையை வாங்கிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பர்வீன் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு அதைத் திருப்பித் தாருங்கள்" என்றாள். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். முன்பு அவள் நேரந்தவறாமையை மெச்சிய அதே நடத்துநர்தான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தைரியத்தில் இருவரும் டோரீன் வீட்டுக்குப் போனோம். அவர் பெரணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் பர்வீனின் முதுகில் இலேசாக இடித்தேன். அவள் வாயைத் திறந்தாள். எக்ஸ்குவிசிட்டும் வரவில்லை, வான்டும் வரவில்லை. படித்த ஆங்கிலம் அத்தனையும் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மாமியார் வருகிறார்" என்றாள் கடைசியில்.

டோரீன் பூவாளியைக் கீழே வைத்தார். பர்வீனைப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார்.

"அவர் கொடுத்த பானையா?"

பர்வீன் தலையாட்டினாள்.

"கடவுளே! எனக்கும் ஒருத்தி இருந்தாள்" என்றார் டோரீன். அடுத்த நிமிடம் பானையைக் கீழே இறக்கி, பத்திரிகைத் தாளை விரித்து, பெரணியை வேரோடும் மண்ணோடும் இரண்டு கையாலும் பிடுங்கி அதில் போட்டார். நாங்கள் வாரக்கணக்காகச் சொல் தேடி அலைந்த காரியம், அந்தச் செடி தாளில் விழுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

குசினித் தொட்டியில் பானையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஆனால் எடு எடு என்று நீதானே சொன்னாய்?"

"அது மரியாதைக்குச் சொன்னது" என்றாள் பர்வீன், மூக்கைத் துடைத்தபடி.

"அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்?"

"வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்."

"எவ்வளவு நேரம்?"

பர்வீன் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அதற்கு அளவு இரண்டு ஊரிலும் கிடையாது.

"இதோ பார், லவ்" என்றார் டோரீன். "நான் ஒன்று சொல்லித் தருகிறேன். உண்மையாகவே கொடுக்கிறாய் என்றால், கடைசியில் 'ஐ மீன் இட்' என்று சொல். மெய்யாகத்தான் சொல்கிறேன் என்று அர்த்தம். அதைச் சொல்லாவிட்டால் உன் வீட்டில் ஒரு கரண்டியைக்கூட நான் தொடமாட்டேன்."

இத்தனை வருடம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு அந்த மூன்று சொல்லும் பாடத்தில் வைக்கத் தோன்றியதேயில்லை.

மாமியார் வந்தார். பானையைத் திறந்து, முகர்ந்து, ஈயத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சோறாக்கி, அடிச்சோற்றின் முதல் துண்டை எடுத்து மருமகளின் தட்டில் வைத்தார். பர்வீன் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து நசுக்கினாள். விருந்துக்கு வந்த டோரீன், பாடம் நன்றாக ஏறிப்போய், எதைக் கொடுத்தாலும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமியாரும் விடவில்லை. சோறு ஆறிப்போனது.

மூன்று சொல்

எழுபதுகள் முடியுமுன்னே பஹ்ராமின் படிப்பு முடிந்தது. அவர்கள் ஊர் திரும்பப் பெட்டி கட்டினார்கள். நான் உதவிக்குப் போனேன். எதையும் புகழ்ந்துவிடக் கூடாது என்று நாக்கைக் கட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் அடுப்பில் வெறுமையாக இருந்த பானையில் கண் போய்விட்டது. எத்தனை மத்தியானம் அதிலிருந்து சாப்பிட்டிருக்கிறேன்!

"தங்களுக்கு உரித்தானது, ரீச்சர். எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள் பர்வீன்.

"ஐயோ, வேண்டாம்."

"எடுத்துக்கொள்ளுங்கள்."

"உன் மாமியார் என்ன சொல்வார்? வேண்டாம், வேண்டாம்."

முறைப்படி எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒருமுறை மறுத்தால் பானை அவள் பெட்டிக்குப் போய்விடும். அப்போது அவள் பானையைத் தூக்கி என் கையில் வைத்தாள். தன் கையை எடுக்கவில்லை. டோரீனின் அதே மூக்கொலியோடு, அதே இழுவையோடு, "ஐ மீன் இட்" என்றாள்.

அதற்கு மறுமொழி எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைப் பிள்ளை போல அழுதேன்.

பிறகு அவர்கள் நாட்டில் புரட்சி, போர் என்று என்னென்னவோ நடந்தது. சில கடிதங்கள் வந்தன, அப்புறம் வரவில்லை. நாங்களும் சிட்னிக்கு மாறி, இப்போது டூங்கபியில் இருக்கிறோம். பர்வீன் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்த ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

பானை என் குசினியில் இருக்கிறது. போன ஞாயிறு வந்த ஒரு பிள்ளை, "வாவ் அன்ரி, என்ன வடிவான பானை!" என்றது. "கொண்டு போம் பிள்ளை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்தது, வேண்டாம் என்று சொல்லத் தெரியாதது. இரண்டு கையையும் நீட்டிவிட்டது. "பொறு பொறு, பாரம், பிறகு கொண்டு போகலாம்" என்று கேக்கைக் கொடுத்து அனுப்பினேன்.

யார் புகழ்ந்தாலும் கொண்டு போங்கோ என்றுதான் சொல்கிறேன். பக்கத்தில் செத்தல் மிளகாயும் தயாராக வைத்திருக்கிறேன். அந்த மூன்று சொல்லை மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. என்றைக்காவது பர்வீன் இந்தக் கதவைத் தட்டி, உள்ளே வந்து, அடுப்பைப் பார்த்து 'எக்ஸ்குவிசிட்' என்று சொன்னால், அவளுக்குச் சொல்வேன்.